பழைய தோட்டாவும் பகுத்தறிவும்

பழமையைப் பற்றி வாதாடாத நாள் நம்மவர்க்குள் ஒன்றேனும் உண்டா? கலியாணச் சடங்கு முதல் கருமாதி வரை, சாதிப் பட்டம் முதல் தீமிதி வரை, ஒருபுறத்தார் "முன்னோர் செய்தது" என்பர், மறுபுறத்தார் "முன்னோர் செய்தார் என்பதே ஒரு காரணமாகுமோ?" என்பர். இவ்வாதத்தில் சீர்திருத்தக்காரர் எப்புறம் நிற்பவர் என்பதை வாசகர்கள் நன்கறிவர். ஆயினும் இவ்வாதத்திற்கு ஒரு குறை உண்டு. சடங்கில் நேரும் பிழை உடனே உயிரை வாங்குவதில்லை. அதன் தீங்கு தலைமுறை தலைமுறையாக மெல்ல ஊறி வருவதால், பழமையைப் பிடித்தவனும் தப்பித்துக் கொள்கிறான். புதுமையைப் பிடித்தவனும் தப்பித்துக் கொள்கிறான். இருவரும் தாம் சொன்னதே சரி என்று சொல்லிக்கொண்டே மாண்டு போகலாம்.

பிழை இன்னதென்று ஒரு நொடியில் வெளிப்பட்டுவிடும் இடத்தில் இதே வாதத்தை வைத்துப் பார்த்தால் என்ன? அத்தகைய ஓரிடம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் உள்ளது. அங்குத் தற்காப்புக்கெனக் கைத்துப்பாக்கி ஏந்துவோரிடையே, பழைய வகைத் தோட்டாவையே வைத்துக் கொள்ளலாமா, புதிய வகைக்கு மாற வேண்டுமா என்றொரு வழக்கு ஓயாது நடந்து வருகிறது. நமக்கு முற்றும் அயலான விஷயம். அயலானது என்பதாலேயே விருப்பு வெறுப்பின்றி அதனை ஆராய இயலும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு இது வியப்பாகவே தோன்றும். சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டு இயற்றிய சட்டப்படி, பிறரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு துப்பாக்கியைச் சுட்டவனுக்கு மரண தண்டனை. அமெரிக்காவிலோ, வீட்டிற்கு வெளியேயும் துப்பாக்கி ஏந்திச் செல்வது குடிமகனின் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. இன்று அங்குப் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில், மறைத்து எடுத்துச் செல்வதற்கு அனுமதிச் சீட்டுக்கூட வேண்டியதில்லை. அவ்வேற்பாடு நன்றா தீதா என்பது வேறு வழக்கு. எவரும் ஏந்தாத ஊரே நல்ல ஊர் என்பது என் துணிபு. ஆயினும் ஏந்தத் துணிந்த ஒருவன் ஏந்திய பின் எங்ஙனம் நடக்க வேண்டும் என்ற கேள்வி, என் துணிபினால் மறைந்துவிடப் போவதில்லை.

முதலில் பொருள் இன்னதென்று விளங்க வேண்டும். அங்குள்ளோர் தற்காப்புக்கு வைத்துக் கொள்வது பெரும்பாலும் முனையில் குழி வைத்த குண்டு. ஈயத்தின் நுனியில் சிறு கிண்ணம் போலக் குடைந்திருப்பர். அது உடலில் நுழைந்ததும், குழிக்குள் ஈரத்தசை அழுந்தி, நுனி பூப்போல் விரிந்துவிடும். விரிந்த குண்டு அகன்ற காயம் செய்யும். வேகம் குன்றி உள்ளேயே நின்றுவிடவும் கூடும். முழுதும் செம்புக் கலப்பு உறை போர்த்த குண்டோ விரியாது. ஊசி துணியில் போவதுபோல் ஒருவனை ஊடுருவி, அவனுக்குப் பின்னால் நிற்பவனையும் சேரும்.

இக்குண்டின் பிறப்பை அறிந்தால் நம்மவர் நெஞ்சு சற்றுக் கொதிக்கும். விரியும் குண்டுக்கு உலகமே அறிந்த பெயரைக் கொடுத்தது இந்திய மண். இன்று கல்கத்தா விமான நிலையம் இருக்கும் பகுதியிலே, டம்டம் என்னும் இடத்தில், பிரிட்டிஷாரின் படைக்கலச் சாலை ஒன்று இருந்தது. 1895-இல் சித்ரால் எல்லைப் போரில், புதிதாக வந்த சிறிய உறைக்குண்டு எதிரியைத் துளைத்துச் சென்றதேயன்றி அவனை நிறுத்தவில்லை என்று சிப்பாய்கள் முறையிட்டனர். அதன்பின் பெர்ட்டி-கிளே என்ற காப்டன் அச்சாலையில் நுனி உறையை நீக்கி, மெல்லிய ஈயம் வெளியே தெரியும் குண்டைச் செய்வித்தார். 1897-98-இல் திராப் பள்ளத்தாக்கில் அப்ரீதி மக்கள்மேல் அது பாய்ந்தது. பின்னர் இங்கிலாந்திலேயே முனையில் குழி வைத்த குண்டும் செய்தனர்.

1899-இல் ஹேக் நகரில் கூடிய சமாதான மகாநாட்டில், மனித உடலில் விரியும் குண்டுகளைப் போரில் விலக்க வேண்டும் என்ற பிரகடனம் வந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் அதனை எதிர்த்தன. பிரிட்டன் தரப்பில் பேசிய சர் ஜான் ஆர்டாக் கூறிய காரணத்தை நம்மவர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். நாகரிக நாட்டுப் படைவீரன் குண்டு பட்டதும் தான் காயமுற்றதை உணர்ந்து ஒதுங்கி விடுவானாம்; காட்டுமிராண்டியோ பலமுறை குண்டு பட்டும் பாய்ந்து வந்து வெட்டுவானாம்; ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டுமாம்! மனிதருள் பிறப்பினால் இரு வகை உண்டென்பது நமது ஊர்ச் சாத்திரிகளின் சரக்கு மட்டுமன்று என்பது இதனால் விளங்கவில்லையா? பிரிட்டன் 1907-இல்தான் அப்பிரகடனத்தை ஏற்றது. அமெரிக்கா இன்றளவும் அதில் சேரவில்லை.

போரில் கொடியது என்று உலகம் விலக்கிய அதே குண்டு, பட்டணத்துத் தெருவிலே நல்லதாகி விடுகிறது. இஃது ஏமாற்று வித்தையன்று. இதில் நியாயம் உண்டு. போர்க்களத்தில் எதிரியின் பின்னால் நிற்பவனும் எதிரியே. தெருவில் கள்வனின் பின்னால் நிற்பவள் பால் வாங்க வந்த ஒரு தாயாக இருக்கலாம். நியூயார்க் நகரக் காவலர் உறைக்குண்டையே வைத்திருந்த காலத்தில், ஒருவனை ஊடுருவிய குண்டுகள் பிறர்மேல் பட்டு வந்தமையால், 1998-இல் அந்நகரக் காவல்துறை குழிமுனைக் குண்டுக்கு மாறத் தீர்மானித்தது. படுபவனுக்கு அதிகத் தீங்கு செய்யும் குண்டே பக்கத்திலிருப்பவனுக்குக் குறைந்த ஆபத்தாகிறது. ஒரு பொருளின் நன்மை தீமை அப்பொருளிலேயே ஒட்டிக் கொண்டிருப்பதில்லை. எங்கே, எவருக்கு எதிரே, எவருக்கு அருகே என்பதைப் பொறுத்தது.

இனி வழக்குக்கு வருவோம். குழிமுனைக் குண்டிலும் பல தலைமுறைகள் உண்டு. 1963-இல் தோன்றிய சூப்பர் வெல் என்ற கம்பெனி, இலேசான குண்டை மிகு வேகத்தில் செலுத்தி விரிய வைக்கும் முறையைப் பரப்பியது. அதன் பின்னர் வின்செஸ்டர் சில்வர்டிப் வந்தது. 1980-களின் இறுதியில், குழியின் நடுவே சிறு தூண் நிறுத்திய ஹைட்ரா-ஷாக் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கோல்ட் டாட், 2002-இல் எச்.எஸ்.டி. என்று வரிசை நீள்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வகையையே இன்றும் இடுப்பில் வைத்திருப்போர் அங்கு ஏராளம்.

அவர்கள் எல்லோரும் மூடர் என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. ஆனால் அது பொய். அவர்களுள் ஒரு சாரார் கூறும் காரணம் வலியது. பழைய பிஸ்டல்கள் பல, உருண்டை முனைக் குண்டுக்கென்றே வகுக்கப்பட்டவை. வாயகன்ற புதுக்குண்டு அவற்றின் அறைக்குள் ஏறும்போது விளிம்பில் முட்டி நின்றுவிடுவதுண்டு. நூற்றுக்கணக்கில் சுட்டும் ஒருமுறையேனும் சிக்காத பழைய தோட்டாவை ஒருவன் கைவிட மறுத்தால், அவன் பழமையைப் பூசிப்பவன் ஆகான். தோட்டத்திலே பால்வெட்டுகிறவர் கைக்குப் பழகிய கத்தியை எளிதில் மாற்றமாட்டார். புதுக்கத்தி ஓர் இழை ஆழமாக இறங்கினால் பட்டை புண்ணாகும் என்பது அவருக்குத் தெரியும். கடைக்காரனுக்கு அது தெரியாது.

மற்றொரு சாரார் உண்டு. "என் தகப்பனார் இதைத்தான் வைத்திருந்தார்," "அக்காலத்துக் காவலர் இதைத்தான் நம்பினர்," "பெட்டியில் இன்னும் நாற்பது மிச்சமிருக்கிறது" என்பர். நாற்பது மிச்சமிருப்பது சிக்கனத்திற்குக் காரணமாகலாம், நம்பிக்கைக்குக் காரணமாகாது. இவர்கள் கையிலும் அதே தோட்டா. அவர்கள் கையிலும் அதே தோட்டா. பெட்டியைப் பார்த்து வேறுபாடு காண முடியாது. சோதித்தாயா என்று கேட்டுத்தான் காண முடியும்.

சோதனை என்றவுடன் 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-இல் மயாமி நகரில் நடந்ததைச் சொல்லாமல் விடுதல் இயலாது. இவ்வழக்கின் மகாபாரதம் அதுவே. வங்கிக் கொள்ளையர் இருவரை எப்.பி.ஐ. என்னும் மத்திய புலனாய்வுத் துறையினர் எண்மர் மடக்கினர். சண்டை சில நிமிடங்களே. அதிகாரிகள் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர், கொள்ளையர் இருவரும் மாண்டனர். சண்டையின் தொடக்கத்திலேயே அதிகாரி ஒருவர் சுட்ட 9 மில்லிமீட்டர் சில்வர்டிப் குண்டு, கொள்ளையன் ஒருவனின் கையை ஊடுருவி மார்பில் நுழைந்து, நுரையீரலைச் சிதைத்து, இருதயத்திற்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னே நின்றுவிட்டது. பிழைக்க இயலாத அக்காயத்தோடு அவன் மேலும் போரிட்டு, அதிகாரிகளைக் கொன்றான். அக்குண்டு அந்நாளில் புதுமை என்று புகழப் பெற்றது, விரிய வேண்டியபடியே விரிந்தது, விரிந்ததனாலேயே நின்றது.

இறுதியில் சண்டையை முடித்தது எது? கையில் கடுங்காயமுற்ற மற்றோர் அதிகாரி ரிவால்வரை எடுத்துக் கொண்டு, கொள்ளையர் இருந்த காரண்டை நெருங்கிச் சென்று சுட்டார். அதில் இருந்தது .38 ஸ்பெஷல் தோட்டா. உறையில்லாத வெறும் ஈயக் குழிமுனைக் குண்டு. 1972 முதல் எப்.பி.ஐ. வழங்கி வந்த பழைய சரக்கு. பழையதன் அன்பர்கள் இதனைக் கேட்டுத் துள்ளிக் குதிப்பார்கள். பொறுக்க. அவர் சுட்டது மிக அண்மையிலிருந்து. எதிரிகளோ முன்னரே பல குண்டுகள் பட்டு ஓய்ந்திருந்தனர். அன்று பழையது வென்றதும் புதியது தோற்றதும் உண்மை. பழையது சிறந்தது என்பதற்கு அது சாட்சியாகாது. ஒரு நாள் மழை பெய்ததைக் கொண்டு மாரியம்மன் கண் திறந்தாள் என்று முடிவு கட்டுகிறவனைப் பார்த்து நகைக்கும் நாம், இங்கே மட்டும் அதே தருக்கத்தை எடுத்தாளலாகாது.

எப்.பி.ஐ. செய்தது மெச்சத் தக்கது. எவர் சொல்லையும் நம்பாமல், தசைக்கு ஒப்பான ஜெலாட்டின் கட்டிகளை வார்த்து, அவற்றின்மேல் கனத்த துணி, மரப்பலகை, தகரம், சுவர்ப்பலகை, கார்க் கண்ணாடி ஆகியவற்றை வைத்துச் சுட்டுப் பார்க்கும் முறையை வகுத்தது. குண்டு 12 அங்குலத்திற்குக் குறையாமல் இறங்க வேண்டும், 18-ஐ மிஞ்சலாகாது. ஆனால் அதே துறை, புதுமை மோகத்திற்கும் ஆட்பட்டது. 9 மில்லிமீட்டர் போதாதென்று 10 மில்லிமீட்டருக்குத் தாவியது; அதன் உதைப்பைப் பலரால் தாங்க முடியவில்லை; மருந்தைக் குறைத்தனர்; பிறகு 1990-இல் பிறந்த .40 அளவுக்கு 1990-களில் மாறினர். 2014-இல் அத்துறையின் பயிற்சிப் பிரிவு, இக்காலத்துக் குண்டுகளோடு 9 மில்லிமீட்டரே போதும் என்று எழுதியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஊரெல்லாம் சுற்றிப் பழைய வாசலுக்கே வந்து சேர்ந்தனர். வாசல்தான் பழையது, உள்ளே இருந்த குண்டு சோதனையால் திருந்திய புதுக்குண்டு. பழமையா புதுமையா என்று ஒரே சொல்லில் விடை கேட்பவர்க்கு இச்சரித்திரம் விடை தராது.

புதுமை மோகத்திற்கு வியாபாரிகளே புரோகிதர். 1990-களின் தொடக்கத்தில் பிளாக் டேலன், அதாவது கறுப்பு நகம், என்று பயங்கரப் பெயர் சூட்டி ஒரு குண்டை விற்றனர். 1993 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ அலுவலகம் ஒன்றில் எட்டுப் பேரைக் கொன்றவனிடம் அக்குண்டு இருந்தது. ஊர் கொதித்தது, அவ்வாண்டிலேயே பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினர். குழிமுனைக் குண்டுகளில் அது பெரிதும் வேறுபட்டதன்று, பெயர்தான் வேறு. பெயருக்காக வாங்கினவர்களும் பெயருக்காக அஞ்சினவர்களும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

இங்கே முக்கியமான ஒன்றைக் கூற வேண்டும். தன் பழைய தோட்டாவைப் பற்றிக் கேட்டால், அமெரிக்கர் பலர், "என் உயிர், என் தோட்டா, உனக்கென்ன?" என்பர். இவ்விடைதான் எனக்கு உடன்பாடில்லாதது. நம் வீட்டு மூத்தோரும் "எங்கள் சடங்கு, எங்கள் குடும்பம்" என்றுதானே சொன்னார்கள்? அச்சடங்கின் பாரத்தைச் சுமந்தவள், பேச இடமில்லாத விதவையல்லவா? பழைய குழிமுனைக் குண்டுகளின் தெரிந்த குறை யாதெனில், கனத்த துணியைத் துளைக்கையில் குழிக்குள் துணி நூல் அடைத்துக் கொண்டு, சில வேளைகளில் விரியாமற் போவதுதான். குளிர்காலத்தில் அந்நாட்டார் அடுக்கடுக்காக உடுப்பவர்கள். விரியாத குழிமுனைக் குண்டு வெறும் உறைக்குண்டுக்கு ஒப்பு; ஊடுருவிப் போகும். அது போய்ச் சேரும் இடத்தில் நிற்பவரை எவரும் கலந்து கேட்கவில்லை. புதிய வகைகளில் இக்குறை பெரிதும் தீர்க்கப்பட்டிருக்கிறது. ஹைட்ரா-ஷாக் செய்த பெடரல் கம்பெனியே 2018-இல் அதனைத் திருத்திப் புதிதாக வெளியிட்டது. செய்தவனே திருத்திய பிறகு, வாங்கினவன் மட்டும் முதற்பதிப்பை வேதமாகக் கொள்வானேன்?

எனினும் புதியதை வாங்கி நிரப்பியதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுவோரைக் கண்டால் எனக்கு இன்னும் அச்சம் அதிகம். நியூயார்க் காவலரின் துப்பாக்கிப் பயிற்சியைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிரியும் சுடுகின்ற சண்டைகளில் காவலர் குறி தப்பாமல் அடித்தது சராசரி நூற்றுக்குப் 18 மட்டுமே. பயிற்சி பெற்ற காவலரின் நிலையே இது. குறி தப்பிய குண்டு துணியையும் தசையையும் காணாதே போவதால், அதன் முனையில் எந்த வருஷத்துக் குழி இருந்தாலென்ன? அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் சுண்ணாம்புப் பலகை அடித்தவை. பழைய குண்டும் அதனைத் துளைக்கும். புதிய குண்டும் அதனைத் துளைக்கும். குழியில் சுண்ணாம்பு அடைத்துக் கொண்டால் புதியதும் விரியாமற் போகக்கூடும்.

பழைய வகை என்பது வேறு, பழையதாகிப் போன தோட்டா என்பது வேறு. இவ்விரண்டையும் குழப்புவோர் பலர். குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்த தோட்டா பல பத்தாண்டுகள் கெடாது. ஆனால் இடுப்பிலேயே கிடப்பது வியர்வையிலும் எண்ணெயிலும் ஊறுகிறது. இரவு தோறும் எடுத்துக் காலை தோறும் மீண்டும் அறைக்குள் ஏற்றும் பழக்கமுடையவரின் தோட்டாவில், குண்டு சிறிது சிறிதாகக் குப்பிக்குள் பின்னேறி விடும். அதனைச் சுட்டால் உள்ளழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். நேற்று வந்த புதுவகைக்கும் இக்கதி உண்டு.

ஒரு நிலைமையை எண்ணிப் பார்ப்போம். எழுபது வயதுக் கைம்பெண் ஒருத்தி, ஓகையோ மாநிலத்துச் சிற்றூரில் தனியே வாழ்கிறாள் என்று கொள்க. கைமூட்டுகளில் வாதம், பிஸ்டலின் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுக்க வலுவில்லை. ஆகவே கணவன் விட்டுப்போன .38 ரிவால்வர். அதில் ஐம்பது ஆண்டு வழக்கிலுள்ள அதே மெல்லீயக் குழிமுனைக் குண்டு. அவளுடைய தமையன் மகன் புதுவகைத் தோட்டாவைக் கொண்டு வந்து, "அத்தை, இந்தக் காலத்தில் யார் இதை வைத்துக் கொள்வார்கள்?" என்கிறான். அவள் இரண்டையும் சுட்டுப் பார்த்திருக்கிறாள். அவன் கொண்டு வந்தது அவள் மணிக்கட்டை உதைத்து, இரண்டாம் குண்டைக் கூரைக்கு அனுப்புகிறது. பழையதால் ஏழு கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் ஐந்தையும் சேர்க்கிறாள். மெல்லீயமாதலால் குறுங்குழல் துப்பாக்கியின் குறைந்த வேகத்திலும் அது விரியக்கூடியது என்பதைச் சோதனை முடிவுகளில் படித்திருக்கிறாள். இரண்டாண்டுக்கு ஒருமுறை இருப்பதைச் சுட்டுத் தீர்த்து, அதே வகையில் புதிய பெட்டி வாங்குகிறாள். தன் கட்டிலுக்கு எதிர்ச்சுவரின் அப்பால் அண்டை வீட்டுக்காரரின் அறை இருப்பதை அறிந்து, கட்டிலையே இடம் மாற்றிப் போட்டிருக்கிறாள்.

மருமகனும் துப்பாக்கி வைத்திருப்பவன்தான். அவனுடைய பிஸ்டலில் இவ்வருஷத்துத் தோட்டா நிரம்பியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வெள்ளிக்கு மேல் விலை என்பதால், அவற்றுள் ஒன்றையேனும் அவன் இதுவரை சுட்டுப் பார்த்ததில்லை. அவ்விருவர் வீட்டுக்கும் நடுவே உள்ள வீடு வாடகைக்கு வருகிறது. இருபுறமும் அதே சுண்ணாம்புப் பலகைச் சுவர்தான். கைக்குழந்தையோடு அங்கே குடியேறுகிறவன், தொட்டிலை எந்தச் சுவர்ப் பக்கம் கட்டுவான்?